ஒரே ட்யூபில் மூன்று மருந்து

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டியோடு வடக்கே போகிறவர்களும், பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்களும், என்ஜின் சூட்டருகே உட்கார்ந்து லாரி ஓட்டுகிறவர்களும் நன்றாக அறிந்த நோய் படர்தாமரை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்டமாகக் கிளம்பும். ஓரம் தடித்திருக்கும், நடு ஆறினாற்போல இருக்கும், அரிப்பு தூங்கவிடாது. மருந்துக்கடையில் படைக்கு என்று கேட்டால் ஒரு ட்யூப் தருவார்கள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என மூன்று மருந்துகள் கலந்த ஆயின்மெண்டாகவே அது பல சமயம் இருக்கிறது. சில வாரங்களில் தீரவேண்டிய நோயை இந்தக் கலவையிலுள்ள ஸ்டீராய்டுதான் மாதக்கணக்கில் இழுத்துவிடுகிறது. தோலின் அமைப்பைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும்.

தோலின் மேலடுக்கு கண்ணிமையில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர்தான், உள்ளங்காலில் அதைப்போலப் பல மடங்கு. அதன் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் கெரட்டின் என்ற புரதத்தை நிரப்பிக்கொண்டே மேலேறி, உயிரிழந்து, தட்டைச் செதில்களாகி, சுமார் 4 வாரத்தில் உதிர்ந்துபோகின்றன. படர்தாமரைப் பூஞ்சைக்கு அந்தக் கெரட்டின்தான் இரை. ஆகவே அது உயிரற்ற செதில்களோடு நின்றுகொள்கிறது. இரத்தக்குழாய்களும் நரம்புகளும் உள்ள அடித்தோலுக்குள் பொதுவாக இறங்குவதில்லை. அப்படியானால் தடிப்பும் அரிப்பும் எங்கிருந்து வருகின்றன? பூஞ்சை சுரப்பவற்றை உணர்ந்து கீழிருந்து திரண்டு வரும் நம் எதிர்ப்பு செல்களிடமிருந்து. பூஞ்சை வெளிப்பக்கமாகப் பரவப் பரவ அந்த எதிர்ப்பும் ஓரத்தில் மும்முரமாகிறது, நடுவில் தணிகிறது. வளையம் அப்படித்தான் உருவாகிறது. பழைய பாடநூல்கள் அதைச் சிவப்பு வளையம் என்று எழுதியது வெள்ளைத் தோலைப் பார்த்து. நம் நிறத்தில் அது பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். பூஞ்சை போனபிறகும் கருந்தழும்பு பல மாதம் நிற்கும். அந்தக் கருமையையே நோய் என்று எண்ணி மேலும் மேலும் பூசுவதும் நடக்கிறது.

ஸ்டீராய்டு அடக்குவது பூஞ்சையை அல்ல, அந்த எதிர்ப்பை. இரண்டு மூன்று நாளில் அரிப்பு நின்றுவிடும்; ஆறிவிட்டது என்று பூசுவதை நிறுத்துவார்கள். பூஞ்சை மருந்து வேலையை முடிக்க வாரக்கணக்கில் தொடர்ந்து பூசவேண்டும். அது பாதியில் நின்றுவிட, மிஞ்சிய பூஞ்சை தடையின்றிப் படர்கிறது. மறுபடி அரிப்பு, மறுபடி அதே ட்யூப். வளையத்தின் உரு கலைந்துவிடுவதால் தேர்ந்த மருத்துவருக்கும் அடையாளம் தெரியாமல் போகலாம். தொடையிடுக்கில் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழுகின்றன. இதற்கிடையே 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபைன் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கு எளிதில் அடங்காத இனம் அது. 2023-இல் நியூயார்க்கிலும் அது பதிவாயிற்று. மருந்து தாக்கும் நொதியில் நேர்ந்த மரபணு மாற்றமே அதன் எதிர்ப்பாற்றலுக்குக் காரணம். அந்த மாற்றத்தை ஸ்டீராய்டு உண்டாக்கியது என்று சொல்வது தவறு. ஆனால் அரைகுறையாக மருந்து பட்ட பூஞ்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நெடுநாள் பரவ வழி கிடைத்தால், எதிர்த்து நிற்கும் வகையே மிஞ்சும்.

ஸ்டீராய்டே விஷமா என்று கேட்கலாம். நிச்சயமாக இல்லை. சிமெண்டு கலக்கும் கொத்தனாரின் கையில் குரோமேட்டு ஒவ்வாமையால் வரும் கரப்பானுக்கு அதுதான் சரியான மருந்து. அங்கே தோலின் சொந்த அழற்சியே நோய், அதை அடக்கத்தான் வேண்டும். சீமையகத்தித் தழையை அரைத்துப் பூசுவது மட்டும் என்ன என்றும் கேட்பார்கள். அதற்குப் பூஞ்சையை ஒடுக்கும் குணம் உண்டு என்பதை ஆய்வகச் சோதனைகள் ஒப்புகின்றன. உடம்பெங்கும் படர்ந்துவிட்ட பிறகு அது போதாது. மூன்றாவது கேள்வி கனமானது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவருக்கு மருந்துக்கடைதானே கதி? ஸ்டீராய்டு களிம்புகளுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. விதி நல்லது. ஆனால் எளிதில் எட்டும் மாற்று ஏற்பாடு இல்லாதவரை அது தாளோடு நின்றுவிடும் என்பதே என் கவலை.

சீட்டில்லாமல் பூசுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: தொழுநோயின் வெளிறிய திட்டைத் தேமல் என்று எண்ணிவிடலாம். சாதாரணத் தேமல் மேற்செதிலில் மட்டும் வாழும் பூஞ்சையால் வருவது. அந்த இடத்தில் தொடு உணர்வு குறையாது. தொழுநோய்க் கிருமி அடித்தோல் நரம்புகளைத் தாக்குவதால், வெளிறிய இடத்தில் சூடும் தொடுதலும் மங்கிவிடும், அரிப்பும் இராது. தொழுநோய் 10,000 பேரில் ஒருவருக்கும் கீழ் என்று 2005-இல் நாடு அறிவித்த பிறகும் புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். தாமதித்தால் இழந்த உணர்வு திரும்பாமல் போகலாம்.

படர்தாமரையை உறுதிசெய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓரச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டால் கெரட்டின் கரைந்து, பூஞ்சை இழைகள் நுண்ணோக்கியில் தெரியும். சில நிமிட வேலைதான். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியோடும், 2022-இல் திறந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரியோடும் இது நின்றுவிடக்கூடாது. சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, ராசிபுரம் மருத்துவமனைகளிலும், ஷிப்டு முடிகிற மாலை நேரத்தில், இந்தச் சோதனை கிடைக்கவேண்டும். ஒரே வீட்டிலும் ஒரே வண்டியிலும் படுக்கை, துண்டு, துணியைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரையும் அங்கேயே ஒருசேரப் பார்த்து மருந்து கொடுக்கவேண்டும்.