அடிக்கடி ‘ஒண்ணுக்கு’ வருதா? கஷாயம் மட்டும் போதாது பெரியவரே!

திருவண்ணாமலை:

14 கி.மீ. கிரிவலத்தில் வயசான ஆண்கள் பலருக்குப் பெரிய கவலை, அடுத்த கழிப்பறை எங்கே என்பதுதான். 50 வயசுக்கு மேல் புராஸ்டேட் சுரப்பி பெருத்து, சிறுநீர்க் குழாயை நெருக்கும். சொட்டுச் சொட்டாகப் போகும். ராத்திரித் தூக்கம் கெடும்.

இதற்கு நெருஞ்சில், பொங்கல் காப்புக்குக் கட்டும் சிறுபீளை ஆகியவற்றைக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள். இவை சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகள். படுக்கப்போகும் நேரத்தில் குடித்தால் இன்னும் நாலு தடவை எழுந்திருக்க வேண்டியதுதான்!

வெளிநாட்டு மூலிகையான ‘சா பால்மெட்டோ’வும் 2011-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் தேறவில்லை. 3 மடங்கு கொடுத்தும், மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட அதிகப் பலன் இல்லை.

புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இதே அறிகுறிகள் வரலாம். எனவே முதலில் டாக்டரிடம் காட்டுங்க. சிறுநீர் அடியோடு அடைத்தாலோ, ரத்தம் வந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கிட்டு இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க!