கைமாறி வந்த ருஷ்ய நாவல்கள்

இடப்பக்கம்: 'கரமாசவ் சகோதரர்கள்', ஹெய்ன்மன் பதிப்பகம், லண்டன், 1912. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கான்ஸ்டன்ஸ் கார்னெட். முப்பதை நெருங்கும் வயதில் ருஷ்ய மொழி கற்கத் தொடங்கிய இவர், ஏறக்குறைய 70 தொகுதிகளை மொழிபெயர்த்தார். 1904இல் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' வெளிவருவதற்குள் கண்பார்வை வெகுவாகக் கெட்டிருந்தது. அதன் பிறகு ஒருவர் மூலத்தை வாசித்துக் காட்டி, இவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். எழுத்தாளர் நபகோவுக்கு இந்த மொழிபெயர்ப்புகள் பிடிக்கவே இல்லை. இருக்கட்டும், ஹெமிங்வே டால்ஸ்டாயைப் படித்தது இவர் தயவில்தான்.

வலப்பக்கம்: 'போரும் அமைதியும்', பெங்குயின் கிளாசிக்ஸ், 1957, இரண்டு தொகுதிகள். மொழிபெயர்ப்பு: ரோஸ்மேரி எட்மண்ட்ஸ். ருஷ்ய நூல்களுக்கு அந்த வரிசையில் ஒதுக்கிய நிறம் சிவப்பு. முதுகுப் பக்கம் வெயில் பட்டு வெளிறியிருப்பதைக் கவனியுங்கள். முதல் தொகுதியின் முதுகெங்கும் பிரித்துப் படித்த வெள்ளைக் கோடுகள். இரண்டாவதில் ஒரு மடிப்புகூட இல்லை. முன்னாள் உரிமையாளர் பாதியிலேயே விடைபெற்றுவிட்டார் போலும்!

பழைய புத்தகக் கடைகளில் ஒற்றைத் தொகுதிகள்தான் அதிகம் அகப்படும். ஜோடி சேர்த்து வாங்குபவர்கள், இரண்டும் ஒரே மொழிபெயர்ப்பாளருடையவைதானா என்று பார்த்து வாங்குங்கள்.