பத்திரம் சரி, பள்ளி, தண்ணீர், சாக்கடை?

ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவாஞ்சேரி, படப்பை, திருமழிசைப் பக்கம் போனால் மனை பார்க்க வந்த குடும்பங்களைச் சாலையோரமெங்கும் காணலாம். விற்பவரின் வேனே வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. மதியச் சாப்பாடும் அவர்கள் கணக்கு. மாலைக்குள் முன்பணம் கைமாறிவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சில மணி நேரத்தில் கேட்கும் கேள்விகள் நமக்கெல்லாம் மனப்பாடம். தாய்ப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா, பட்டா யார் பெயரில், சி.எம்.டி.ஏ. ஒப்புதலா டி.டி.சி.பி. ஒப்புதலா? இவை கேட்டே ஆகவேண்டியவை.

குடிபோன மறுநாள் காலையில் எழும் கேள்விகள் வேறு. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போவது? குழாயில் தண்ணீர் வருமா? கழிவுநீர் எங்கே போய்ச் சேரும்? கார்த்திகை மழையில் தெருவில் எவ்வளவு நிற்கும்? இவற்றுக்கான பதிலை மட்டும் விளம்பரத் தாளில் உள்ள நான்கு வரிகளிடம் விட்டுவிடுகிறோம். சென்னையிலும் அதன் புறநகரிலும் வீடு வாங்கி வருந்துகிறவர்களில் பலருக்குப் பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஏமாந்தது தெருவிடம்தான். தெருவைப் பற்றிய உண்மைகளையும் ஆவணங்களைக் கொண்டும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டும் சரிபார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தவறான இடத்தில் வாங்கிவிட்டால் விற்றுவிட்டு வேறு இடம் போகலாமே என்பது எளிதல்ல. தமிழ்நாட்டில் பழைய வீட்டையோ மனையையோ வாங்கும்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடி ரூபாய் மதிப்புக்கு 9 லட்சம் ரூபாய். இரண்டாவது முறை வாங்கும்போது இதை இரண்டாவது முறை கட்டவேண்டும்.

பள்ளி: தூரம் மட்டும் போதாது

‘சர்வதேசப் பள்ளிகள் பத்து நிமிடத்தில்’ என்ற வரி இல்லாத விளம்பரமே இல்லை. அந்தப் பத்து நிமிடம் விடுமுறை நாளில் காலிச் சாலையில் கணக்கிட்டது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே சாலையில் நீங்களே போய்ப் பாருங்கள். ரயில்வே கேட் இருந்தால், மேம்பால வேலை நடந்தால், பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகும். ஆறு வயதுக் குழந்தை அதைத் தினமும் இரண்டு முறை அனுபவிக்க வேண்டும்.

அடுத்தது, அது எப்படிப்பட்ட பள்ளி என்பது. 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய சான்றுகள் இல்லாமல் பள்ளிக்கு அங்கீகாரம் கிடைக்கக்கூடாது என்பது தமிழ்நாட்டில் கண்டிப்பாயிற்று. அங்கீகாரம் எந்தத் தேதிவரை செல்லும் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்பது பெற்றோரின் உரிமை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு. அதை வைத்து இணையத்தில் அந்தப் பள்ளியின் அடிப்படை விவரங்களைப் பார்க்கலாம். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடத்துகிறோம் என்று பலகை வைத்திருப்பதும், அந்த வாரியத்தின் இணைப்பைப் பெற்றிருப்பதும் ஒன்றல்ல. புதிய குடியிருப்புகளை நம்பித் தொடங்கும் பள்ளிகளில் இந்த வேறுபாடு முக்கியம். பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போது அது தெரிந்து பயனில்லை.

மனைப்பிரிவு வரைபடத்தில் ‘பள்ளி’ என்று எழுதிய கட்டத்தை நம்பி வாங்குபவர்களும் உண்டு. சாலைகளையும் பூங்காவுக்கான திறந்தவெளியையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தால்தான் மனைப்பிரிவுக்கு ஒப்புதல். பள்ளி மனை அப்படியல்ல. பெரும்பாலும் மனை போட்டவரிடமே இருக்கும். யாராவது வாங்கிக் கட்டினால்தான் அது பள்ளி. அதுவரை கருவேலங்காடுதான்.

அரசுப் பள்ளி எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள் குறைவு. இதை நான் பெரிய பிழையாகவே நினைக்கிறேன். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டமும், மாணவனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அருகில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளி இருப்பது, நடுத்தரக் குடும்பத்துக்கு ஏழு ஆண்டுக் கல்விக் கட்டணத்தை மிச்சப்படுத்தக்கூடிய சொத்து. எந்தத் தரகரும் அதை விளம்பரப்படுத்த மாட்டார். நீங்களே போய், தலைமையாசிரியரைப் பார்த்து, பிளஸ் டூவில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன, எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பு இடங்களில் 25 சதவீதம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு. தமிழ்நாட்டில் இதற்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கானது என்பதால், சொந்த வீடு வாங்குவோரைவிட வாடகைக்கு வருவோருக்கே இது அதிகம் பயன்படும். முகவரிச் சான்றைச் சரியாக வைத்திருங்கள். மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025-ல் இந்தச் சேர்க்கை பல மாதம் தள்ளிப்போனது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீரும் கழிவுநீரும்

சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. எல்லை ஒரே நாளில் விரிந்தது. குழாய் அப்படி விரியவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் கோடிக்கணக்கில் விலைபோன ஃபிளாட்டுகள் பல ஆண்டுகள் லாரித் தண்ணீரில்தான் ஓடின. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அந்த லாரியும் வரவில்லை. அதன் பிறகு கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் கூடியிருக்கிறது. நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இரண்டாவது ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. ஆனால் ஆலை திறந்தால் போதாது. உங்கள் தெருவில் குழாய் பதித்து, அதில் தண்ணீர் வரவேண்டும்.

ஆகவே முதல் கேள்வி: இந்த இடம் எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது? மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா? மேடவாக்கம், கோவிலம்பாக்கம் போன்ற ஊர்கள் பல மாடிக் குடியிருப்புகளால் நிறைந்த பிறகும் நெடுங்காலம் ஊராட்சிகளாகவே இருந்தன. ஊராட்சியில் சொத்துவரி குறைவு என்று மகிழ்வதோடு நிற்காமல், பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய ஃபிளாட் என்றால் சங்கத்தின் கடந்த ஒரு வருட வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு, கழிவுநீர் லாரிக்கு எவ்வளவு என்ற இரண்டு வரிகள் போதும். விற்பவர் சொல்லாதது எல்லாம் அதில் இருக்கும். கோடை மாதக் கணக்கைத் தனியாகப் பாருங்கள்.

பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க். அதை யார் சுத்தம் செய்வார்கள்? 2013-ன் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடை செய்கிறது. இறக்கியவரும் இறக்கச் சொன்னவரும் தண்டனைக்கு உரியவர்கள். அப்படியிருந்தும் சென்னையைச் சுற்றிலும் அடுக்ககத் தொட்டிகளில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறந்துகொண்டே இருக்கிறார்கள். வீடு வாங்கும்போது கழிவுநீர் வசதியைப் பற்றிக் கேட்பது ஒரு மனிதரின் உயிரைப் பற்றியும் கேட்பதுதான். இயந்திரத்தில் உறிஞ்சும் லாரி உள்ளே வர வழி இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

அங்கீகாரமில்லா மனையை வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. வரன்முறை ஆகாத மனைக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தரக்கூடாது, பதிவும் கூடாது என்பது விதி. அதேபோல் பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று இல்லாமல் இந்த இணைப்புகள் கிடைக்காது. கட்டுநர் சாவியைக் கொடுத்து, கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பிலேயே குடும்பங்களை வைத்திருப்பதன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

மழைநீர் நிற்கும் இடம்

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, நீங்கள் பார்க்கும் அந்த ஒரு தெருவின் வரலாறு. தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர், இஸ்திரி போடுபவர், பால் போடுபவர் ஆகிய மூவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். மின் மீட்டர்ப் பெட்டியைச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். வீட்டு வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருந்தால், பழைய தாரைச் சுரண்டாமலேயே மேலே மேலே சாலை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த முறையும் அப்படியே நடக்கலாம்.

ஆவணமும் உண்டு. தாழ்வான இடங்களில் மனைப்பிரிவு போட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். நிலத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புதிய மனைப்பிரிவு உயர்ந்தால், அதை ஒட்டிய பழைய தெருவுக்குத் தண்ணீர் போகும். பழைய தெருவில் வாங்குபவர், பக்கத்தில் புதிதாக மண் கொட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டியது இதனால்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் தலமானது. 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தரவேண்டாம் என்றது. அந்தப் பகுதியில் வாங்குவோரும் விற்போரும் இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டறியாமல் ஒப்பந்தம் எழுதக்கூடாது.

போக்குவரத்து பற்றி ஒன்றே ஒன்று. வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தபோது அதற்கான ரயில் நிலையம் தயாராகவில்லை. இப்போது ஓடும் பேருந்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விற்பவரிடம்

புதிய திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் காவல். பதிவு பெற்ற திட்டத்தின் வரைபடமும் முடிக்கவேண்டிய தேதியும் தமிழ்நாடு ஆணையத்தின் தளத்தில் இருக்கும். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. விளம்பரத்தில் பொய் சொல்லி அதனால் வாங்கியவர் பாதிக்கப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். ஆகவே அந்த விளம்பரத் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

தனிநபர் தன் பழைய வீட்டை விற்கும்போது இந்தச் சட்டம் வராது. அங்கே 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். விற்கும் நாள்வரையான அரசு வரி பாக்கிகளையும் அவரே தீர்க்க வேண்டும். தெருவில் வெள்ளம் நிற்பது இந்தக் குறைக்குள் அடங்குமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். ஆனால் நீங்கள் வாங்கியபோது யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றியோடு இருந்திருப்பீர்கள்? சொத்துவரி, குடிநீர் வரி, மின் கட்டணம், சங்கப் பாக்கி ஆகியவற்றின் ரசீதுகளோடு, தண்ணீர் எப்படி வருகிறது, மழையில் என்ன ஆகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விலையில் சிறிது குறையலாம். பேசி முடித்த பிறகு உண்மை தெரிந்து வாங்குபவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு நிற்கும் அலைச்சல் உங்களுக்கு இருக்காது.

வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருவுக்கு மூன்று முறையாவது போகவேண்டும்: பள்ளி நேரத்தில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, கனமழை பெய்த மறுநாள் ஒரு முறை. ‘இன்றே கொடுக்காவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்’ என்று அவசரப்படுத்தினால், அவரே வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.