வெள்ளை நாயின் காது

சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அன்பர் ஒருவர், தாமும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகே திரும்புவதாகவும், மகனின் பிடிவாதத்தினால் நாய் வளர்க்க நிச்சயித்திருப்பதாகவும், அது பால் வெள்ளையாக இருக்க வேண்டுமென்று வீட்டார் ஆசைப்படுவதால் ராஜபாளையம் குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். கடிதத்தில் நிறத்தைப் பற்றி நாலு வரி இருக்கிறது. அது ஓட இடம் உண்டா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஜாதி நாய் என்பது, மனிதன் ஏதோ ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உருவாக்கிய சுபாவம். வேலை போன பிறகும் சுபாவம் போவதில்லை. கரிசல் காட்டில் முயலை விரட்டிய சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் ஓட்டமே ஜீவன். பனிப்பிரதேசத்தில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை, இரட்டை ரோமப் போர்வையோடு நம் சித்திரை வெயிலில் கட்டிவைப்பதை நான் பாபமென்றே கருதுகிறேன். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட ராஜபாளையமோ, ஒரே எஜமானரிடம் உயிரை வைத்து அந்நியரைச் சந்தேகிக்கும் நாய். தோட்டத்துக்கு அது அரண், மாடிக் குடியிருப்புக்கு அது கைதி.

2005-இல் நம் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்கு முத்திரை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக ஸ்தானம் பெற்ற இந்த நாயிடம், பலர் அழகென்று கொண்டாடும் அந்த வெண்மையிலேயே ஒரு துயரம் மறைந்திருக்கிறது. ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவையே உட்செவியிலும் இருந்து, அங்குள்ள திரவத்தின் மின்னூட்டத்தைக் காக்கின்றன. மின்சாரம் வராத எங்கள் கிராமத்தில் பாட்டரியில் பாடிய ரேடியோ, உள்ளே ஒரு பாகமும் கெடாதிருந்தும், பாட்டரி தீர்ந்ததும் ஊமையானதை நான் சிறுவயதில் பலமுறை பார்த்திருக்கிறேன். நிற அணுக்கள் போய்ச்சேராத காதின் கதியும் அதுதான், ஆனால் இங்கே பாட்டரியை மாற்ற வழியில்லை. பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்கள் மாய்ந்துபோகின்றன. வெள்ளை நாயெல்லாம் செவிடல்ல. உட்செவியில் நிற அணு இருந்துவிட்டால் ரோமம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் காது கேட்கும். ஆயினும் வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளை ஒதுக்கி, வெள்ளையையும் வெள்ளையையும் சேர்த்து, செவிட்டுத் தாயையும் ஈன வைக்கிறவர்கள் இந்தக் குறையை வலிந்து வளர்க்கிறார்கள்.

என் பெரியப்பாவின் தோப்பில் அப்படியொரு நாய் இருந்தது. கூப்பிட்டால் திரும்பாது, அடங்காத நாயென்று அதற்கு அடி விழுந்தது. அது செவிடென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கைச்சைகை காட்டிப் பழக்கினால் செவிட்டு நாயும் நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்று பிற்காலத்தில் அறிந்தபோது, அது வாங்கிய அடிகளெல்லாம் என் நினைவுக்கு வந்தன.

தோட்டமும் நாளெல்லாம் ஆளும் உள்ளவர்கள் ராஜபாளையம் வாங்குவதானால், குட்டி ஆறு வாரமானபின் அது தூங்கும்போது, காற்றோ தரையதிர்ச்சியோ அதன்மேல் படாதவாறு எட்ட நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டி இதில் தப்பிவிடும்; அதனைக் கண்டுகொள்ள, ஒலிக்கு மூளையில் எழும் மின்னலைகளை அளக்கும் பரிசோதனையே வேண்டும்.

கடிதமெழுதிய அன்பருக்கு என் அபிப்பிராயம் இதுதான்: பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் எந்த ஜாதி நாயையும் வைக்காதீர்கள். பகலின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும் பூனைதான் உங்கள் வீட்டின் நடைமுறைக்கு ஒத்த பிராணி. ஒன்றுக்கு ஒன்று துணையாக, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டுப் பூனைக்குட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் சேர்ந்த குட்டியென்றால் காதைச் சோதித்துக்கொள்வது நலம். பூனையின் நீலக் கண்ணுக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள சம்பந்தத்தை டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலிலேயே குறித்திருக்கிறார். வரிப்பூனையோ கறுப்போ எதுவாயினும், உங்களுடையது மூன்றாவது மாடியாதலால், குட்டிகள் வருவதற்கு முன்பே பால்கனிக்கு வலை கட்டிவிடுங்கள்.