நாகதாளிப் பழத்தின் சிவப்பு

முந்தலில் புத்தளம் வீதியை விட்டுக் களப்புப் பக்கம் இறங்கினால் மணல், வெயில், உப்புக்காற்று. இப்படிப்பட்ட உலர்ந்த கரைகள்தான் நாகதாளிக்குப் பிடித்த இடம். தமிழ்நாட்டார் சப்பாத்திக் கள்ளி என்பது இதைத்தான். பகலில் தண்டின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காபனீரொட்சைட்டைச் சேர்த்து வைக்கும், ஈரம் வீணாகாது.

அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி காடாய்ப் பெருகியபோது, அதன் சாற்றை உறிஞ்சும் ஒரு பூச்சியை 1924இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1926இல் அது இங்கிருந்து தென்னிந்தியாவுக்கும் போனது. கள்ளிப் புதர்கள் வேகமாக அழிந்தன.

மிஞ்சிய செடிகளில் பழுப்பதைப் பிட்டால் விரலும் நாக்கும் கருஞ்சிவப்பாகிவிடும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் "இரத்தம் ஊறும்" என்கிறார்கள். நிறத்துக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலெயின்தான் இது. அதில் நைதரசன் உண்டு, இரும்பு இல்லை. பழத்திலுள்ள விற்றமின் சி, சோற்றிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சிக்கொள்ள உதவும், அவ்வளவே. இரத்தசோகைக்கு வைத்தியர் தந்த குளிசையை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றை நம்புவது ஆபத்து.

நன்மை இல்லை என்றில்லை. இதற்கு நெருங்கிய உறவான, பெரிய பழம் தரும் தோட்டக் கள்ளியை வைத்து இத்தாலியின் பலெர்மோ ஆய்வாளர்கள் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 18 பேர் இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 250 கிராம் சதை சாப்பிட்டார்கள். உடலின் கொழுப்புகள் ஒட்சியேற்றத்தால் சிதைவதைக் காட்டும் அடையாளங்கள் குறைந்தன. விற்றமின் சி மட்டும் கொடுத்தபோது அப்படிக் குறையவில்லை. 18 பேர் சிறிய கூட்டம்தான். இதை வைத்து எந்த நோயும் தீரும் என்று சொல்ல முடியாது. அந்தத் தோட்டப் பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 88 கிராம் தண்ணீர், 3.6 கிராம் நார்ச்சத்து, 85 மில்லிகிராம் மக்னீசியம். பழத்துக்கு மக்னீசியம் இவ்வளவு என்பது நல்ல அளவு.

தோலில் கொத்துக்கொத்தாக நிற்கும் பொடிமுள்ளை முதலில் நெருப்பில் வாட்டிப் பொசுக்க வேண்டும். மயிரை விட மெல்லிய இந்த முள்ளின் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. தோலில் ஏறினால் இலேசில் வராது. பிறகு தோலைச் சீவி, சதையைப் பிசைந்து, விதையை வடிகட்டித் தேசிக்காய் பிழிந்து குடிக்கலாம். கொதிக்க வைத்தால் நிறமி சிதையும். விதையோடு நிறையத் தின்றவர்களுக்கு அது குடலில் கட்டியாகி அடைத்துக்கொண்டதுண்டு. சிறுபிள்ளைகளுக்கு விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு சிலருக்குச் சிறுநீர் சிவப்பாய்ப் போகலாம். அது நிறமி, ஓரிரு நாளில் தெளியும். தெளியாவிட்டால் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.