முழ நீள பில்! யாருக்கு லாபம்?

சென்னை சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு வருகிறீர்கள். கையில் முழ நீளத்துக்கு ஒரு பில். என்றைக்காவது அதைப் படித்ததுண்டா?

தலையில் கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண். கீழே சாமான்கள். எல்லாம் பாதியில் வெட்டுப்பட்ட இங்கிலீஷ்! "டி.டால்" என்றால் துவரம் பருப்பாம். கத்தரிக்காய்க்கு நேரே 0.485. அரை கிலோவுக்கு 15 கிராம் குறைவு என்று நாமேதான் கணக்குப் போட வேண்டும்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது முதல் அடியில் வரிக் கணக்கு வேறு. மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. "ரெண்டு தடவை பிடுங்குறாங்களே!" என்று பதறாதீர்கள். இரண்டும் சேர்ந்துதான் 5 சதவீதம். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு பைசா கேட்டாலும் தப்பு.

இதெல்லாம் வரி ஆபீசுக்கு உதவும். இல்லத்தரசிக்கு? "நீங்கள் சேமித்தது" மட்டும் கொட்டை எழுத்தில்!

நானும் ஏமாந்தவன்தான். வாங்கியது ஒரு எண்ணெய் பாக்கெட். பில்லில் இரண்டு! வாசலில் பையைத் துருவிப் பார்த்து முத்திரை குத்திய வாட்ச்மேனும் கவனிக்கவில்லை. மறுநாள் பில்லோடு போய் நின்ற பிறகுதான் காசு திரும்பியது. எனவே, எண்ணிக்கையைக் கவுண்டரிலேயே பாருங்கள்.

இன்னொரு சங்கதி. இந்த பில்லில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் காகிதம். நாளானால் மங்கிவிடும். மிக்சி வாங்கினால், கியாரண்டி முடிவதற்குள் பில் வெள்ளைத்தாள் ஆகிவிடலாம்! அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

பில் தர மறுத்தாலோ, எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டாலோ 1915-க்கு போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அதுதான்.