மேஜைக்குப் பின்னால் மறைந்திருக்கும் திறமை

கோல் மார்க்கெட் வட்டாரத்துக்குத் தமிழர்கள் புதியவர்கள் அல்லர். மத்திய அரசு அலுவலகங்களுக்கு வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் குடும்பத்துடன் குடியிருந்து வந்த பகுதி இது. பகலில் பைல் புரட்டும் கை மாலையில் மிருதங்கம் வாசிக்கும். டெஸ்பாட்ச் பிரிவில் முத்திரை குத்துபவர் ஞாயிற்றுக்கிழமை நாடகத்தில் ராஜாவாக நிற்பார். சபாவில் அவருக்குக் கைதட்டல் உண்டு. பக்கத்து மேஜைக்காரருக்கோ அது தெரியாது. செக்‌ஷன் ஆபீசருக்கு நிச்சயம் தெரியாது.

தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைத் துறைமுகமே சாட்சி.

1912 மார்ச் 1-ந் தேதி அங்கே கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். பெயர் ராமானுஜன். மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். புதிய குமாஸ்தாவின் கணக்குகள் சாதாரணமானவை அல்ல என்று கண்டுகொண்டார். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுடன் உட்கார்ந்தார்கள். ராமானுஜன் பல படிகளை ஒரே தாவலில் கடந்துவிடுவார். பிறருக்கும் புரியும்படி விரித்து எழுத வேண்டும் என்று ஐயர் வற்புறுத்தினார்.

ஐயர் அத்துடன் நிற்கவில்லை. துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். ஸ்பிரிங் ஓர் எஞ்சினீயர். வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913-ல் சென்னை வந்தபோது அந்தக் கணக்குகள் அவருக்குக் காட்டப்பட்டன. வாக்கர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. துறைமுகம் விடுப்பு அளித்து அனுப்பிவைத்தது. 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம். 1918-ல் ராயல் சொசைட்டியின் பெல்லோ பதவி.

ராமானுஜனின் மேதைமை அவருடையது. ஆனால் அதைக் கண்டுகொண்டதும், மேலிடத்துக்குச் சொன்னதும், தன் பிரிவில் ஓர் ஆள் குறைந்தாலும் சரி என்று விட்டுக்கொடுத்ததும் அந்த அலுவலகம் செய்த காரியங்கள். மூன்றில் கடைசியானதே மிகவும் கடினம்.

டில்லியிலும் உதாரணம் உண்டு. எழுத்தாளர் ஆதவன் முதலில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். பிறகு நேஷனல் புக் டிரஸ்டில் உதவி ஆசிரியரானார். எழுதத் தெரிந்தவருக்குப் புத்தகத்தோடு சேர்ந்த நாற்காலி கிடைத்தது. 1987-ல் மறைந்த அவருக்கு அந்த ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது.

வெளியே தெரிந்தால் வம்பு வருமோ என்று பலர் தம் திறமையை மறைப்பதுண்டு. அந்தப் பயம் பெரும்பாலும் தேவையற்றது. 1964-ம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, இலக்கியம், கலை, விஞ்ஞானம் சார்ந்த பணிகளை எப்போதாவது செய்ய முன் அனுமதி வேண்டியதில்லை. அலுவலக வேலை கெடக்கூடாது, அவ்வளவே. சன்மானம் வாங்குவதானால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ரயில்வே ஊழியர்களுக்கும் இதே போன்ற விதிகள் தனியே உள்ளன.

அதிகாரிகளும் ஒன்றை மறக்கலாகாது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதற்காக எல்லா நோட்டீசையும் ஒருவர் தலையிலேயே கட்டுவது திறமையைப் பயன்படுத்துவது ஆகாது. அது கூடுதல் சுமை. அவர் பெயர் வெளியே தெரிய வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு வேலை குறைய வேண்டும்.

இதற்குச் செலவு எதுவும் இல்லை. "ஆபீஸ் விட்டதும் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு முறை கேட்டாலே போதும். கோல் மார்க்கெட்டின் மாலை நேரங்களில் அதற்கான பதில்கள் ஏராளமாக இருக்கின்றன.